லேசர் பொறியை யார் வாங்குவார்?

பெட்ரோல் என்ஜினில் கடந்த நூறு ஆண்டுகளில் அடிப்படை மாறாமல் எஞ்சியிருக்கும் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்புரேட்டர் போய்விட்டது. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிட்டுக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது. எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் என்பதை இன்று கணினிதான் தீர்மானிக்கிறது. ஆனால், அந்த எரிபொருளுக்குத் தீ வைக்கும் ஸ்பார்க் பிளக் மட்டும், 1902-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷின் தொழிற்கூடத்தில் காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய பிளக்கின் நேரடி வாரிசாகவே இருக்கிறது. பீங்கான் உறைக்குள் ஓர் உலோகத் தண்டு, அதற்கு எதிரே வளைந்த இன்னோர் உலோக நுனி, இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அவ்வளவுதான்.

இந்த பிளக்கை அகற்றிவிட்டு லேசர் ஒளியால் எரிபொருளைப் பற்றவைக்கலாம் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்லத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியிருக்கின்றன. கனடா, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், ருமேனியா, இந்தியா என்று பல நாடுகளில் லேசர் பொறியால் எரிபொருள் பற்றியிருக்கிறது. ஆயினும், லேசர் பொருத்திய ஒரு காரைக்கூட இன்று கடையில் வாங்க முடியாது.

ஆய்வுக்கூடத்தில் வென்ற ஒன்று சந்தையில் ஏன் நிற்பதில்லை என்ற கேள்வி இந்தியாவுக்கு இப்போது மிகவும் பொருத்தமானது. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆய்வு நிலையைத் தாண்டிய தொழில்நுட்பங்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகால நிதி அளிப்பது அதன் நோக்கம். இவ்வளவு பெரிய தொகையை எந்த அளவுகோலைக் கொண்டு பங்கிடுவது? லேசர் பற்றவைப்பின் வரலாறு அதற்கு ஓரளவு விடை சொல்கிறது. பொறியியல் அறிஞர்கள் அதை எரிதலின் சிக்கலாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அதில் பாதிக்கு மேல் பொருளாதாரத்தின் சிக்கல்.

முதலில் பிளக்கிடம் என்ன குறை என்பதைப் பார்த்துவிடுவோம். பொறி விழுந்தவுடன் முதலில் உருவாவது கடுகளவு தீக்கரு ஒன்றுதான். அது வளர்ந்து அறை முழுவதும் பரவ வேண்டும். ஆனால், பிறந்த கணத்திலேயே அது இரண்டு உலோக நுனிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. அந்த உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சுகிறது. எரிபொருள் செறிவாக இருந்தால் தீக்கரு பிழைத்துக்கொள்ளும். காற்று மிகுந்து எரிபொருள் மெலிந்த கலவையில் அது அணைந்துபோக வாய்ப்பு அதிகம். போதாததற்கு, பிளக் சிலிண்டரின் தலைப்பகுதியில் திருகப்பட்டிருப்பதால் பொறி எப்போதும் சுவரோரமாகவே விழுகிறது. அறையின் நடுவிலிருந்து நாற்புறமும் தீ பரவுவதற்கு வழியில்லை.

தேய்மானம் இதைவிடப் பெரிய தொல்லை. என்ஜினின் திறனை உயர்த்த வேண்டுமானால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை உயர்த்த வேண்டும். அழுத்தம் கூடினால், அதே இடைவெளியில் மின்பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவை. இன்றைய பெரிய எரிவாயு என்ஜின்களில் அது 30,000 வோல்ட்டைத் தாண்டுகிறது. அவ்வளவு மின்னழுத்தம் உலோக நுனியை அரிக்கிறது, இடைவெளி அகல்கிறது, அகன்ற இடைவெளிக்கு இன்னும் அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது, அரிப்பு இன்னும் விரைகிறது. காரில் இது நமக்குத் தெரிவதில்லை, ஏனெனில் கார் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. இரவு பகலாக ஓடும் மின்னுற்பத்தி என்ஜினில் ஒரு பிளக் சில ஆயிரம் மணி நேரம் தாங்கினாலே பெரிது.

லேசர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. 1960 மே மாதம் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்த சில ஆண்டுகளிலேயே, குவித்த லேசர் துடிப்பு வெறும் காற்றில் பொறியை உண்டாக்குவதை அறிவியலாளர்கள் கண்டுவிட்டனர். பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துக் காகிதத்தை எரிப்பதைப் போன்றதன்று இது. அங்கே காகிதம் சூடாகிறது. இங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10,000 கோடி வாட் என்ற அடர்த்தியில் குவியும் ஒளி, வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. அவை மற்ற அணுக்களில் மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அந்தப் புள்ளி பிளாஸ்மாவாகிறது.

எண்களைக் கண்டு மிரள வேண்டாம். துடிப்பின் நேரம் அவ்வளவு குறுகியது என்பதால் செலவாகும் ஆற்றல் அற்பம். ஒரு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவே, அதாவது சுமார் 10 மில்லிஜூல். அழுத்தம் கூடினால் மின்பொறிக்குக் கடினம். லேசருக்கோ எளிது, ஏனெனில் அடர்ந்த வாயுவில் மோதுவதற்கு அணுக்கள் அதிகம். தீக்கருவைச் சுற்றி உலோகம் இல்லை. வில்லையை மாற்றினால் பொறியை அறையின் நடுவில் வைக்கலாம்; ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களிலும் வைக்கலாம்.

மெலிந்த கலவையை நம்பகமாக எரிக்க முடிந்தால் இரட்டை ஆதாயம். திறன் உயர்கிறது, புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதற்கு மிக உயர்ந்த வெப்பநிலை வேண்டும் என்பதைச் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச் விளக்கியிருக்கிறார். உபரிக் காற்று சுடரைக் குளிர்விப்பதால் அந்த வினை மட்டுப்படுகிறது. நகரத்துப் புகைமூட்டத்துக்கும் ஓசோன் மாசுக்கும் இந்த ஆக்சைடுகள் காரணம் என்பதைத் தில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1978-இல் கனடாவின் டேல், ஸ்மை, கிளமென்ட்ஸ் ஆகிய மூவரும் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டு ஒற்றைச் சிலிண்டர் சோதனை என்ஜினை ஓட்டி முடிவுகளை வெளியிட்டனர். மெலிந்த கலவை நன்றாகவே எரிந்தது. ஆனால், லேசர் என்ஜினைவிடப் பெரிதாக இருந்தது! அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் ஆய்வேட்டு விஷயமாகவே கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தொழில்துறை திரும்பிப் பார்த்தது. ஆஸ்திரியாவில் எரிவாயு என்ஜின் தயாரிக்கும் யென்பாகர் நிறுவனமும் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. அமெரிக்க எரிசக்தித் துறை, நிலையான எரிவாயு என்ஜின்களின் திறனை 50 சதவீதத்துக்கு உயர்த்தும் திட்டத்தை 2001-இல் தொடங்கி, அதன் கீழ் ஆர்கான் தேசிய ஆய்வகம் உள்ளிட்டவற்றில் லேசர் பற்றவைப்பை ஆராயச் செய்தது.

பெரிய திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. ஒகாசாகி நகரின் மூலக்கூறு அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த தகுனோரி தைராவின் குழு, லேசருக்குத் தேவையான படிகத்தை வளர்த்தெடுப்பதற்குப் பதிலாகப் பீங்கானைப் போலப் பொடியைச் சுட்டுச் செய்தது. நியோடிமியம் கலந்த ஒரு துண்டும் குரோமியம் கலந்த ஒரு துண்டும் ஒட்டி ஒன்றாக்கப்பட்டன. முதல் துண்டு ஒளியாற்றலைச் சேமிக்கிறது. இரண்டாம் துண்டு மதகைப்போல அடைத்து நிற்கிறது. குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் மதகு தானாகத் திறக்க, சேர்ந்த ஒளி ஒரே பாய்ச்சலாக வெளியேறுகிறது. இயங்கும் பாகம் எதுவும் இல்லை. 2011-இல் அவர்கள் அறிவித்த லேசரின் விட்டம் 9 மில்லிமீட்டர், நீளம் 11 மில்லிமீட்டர். பிளக் இருந்த ஓட்டைக்குள்ளேயே அடங்கும் அளவு. ‘ஸ்பார்க் பிளக்கின் காலம் முடிந்தது’ என்ற தொனியில் உலகெங்கும் செய்திகள் வந்தன. அக்குழுவில் இருந்த ருமேனிய அறிவியலாளர் நிக்கோலாயே பாவெல் பின்னர் தம் நாட்டில் ரெனோ கார் என்ஜின் ஒன்றை லேசர் பொறியில் ஓட்டியும் காட்டினார். பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகம் ஃபோர்டு நிறுவனத்துடன் இணைந்து இதே முயற்சியில் ஈடுபட்டது. நம் நாட்டில் கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் அவினாஷ் குமார் அகர்வாலின் என்ஜின் ஆய்வகம், இயற்கை எரிவாயுவிலும் ஹைட்ரஜன் கலந்த எரிவாயுவிலும் லேசர் பற்றவைப்பைச் சோதித்துப் பல ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கார்களில் ஏன் வரவில்லை? விலை என்பது உடனடி பதில். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளக்கோடு, டயோடு லேசர்களையும் கண்ணாடி இழைகளையும் வில்லைகளையும் கொண்ட ஓர் அமைப்பு எப்படிப் போட்டியிடும்? பதில் சரியானதே, முழுமையானது அன்று. விலையுயர்ந்த கார்களில்கூட லேசர் நுழையவில்லையே. அதற்குக் காரணத்தைத் தேடினால் நாம் என்ஜினை விட்டு இறங்கி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டின் தூய காற்றுச் சட்டம் கார் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. 1975-க்குள் ஹோண்டா நிறுவனம் சிறிய முன்னறை ஒன்றில் தீ மூட்டி மெலிந்த கலவையை எரிக்கும் என்ஜினைக் கொண்டுவந்து, புகைக்குழாயில் எந்தச் சுத்திகரிப்புக் கருவியும் இல்லாமலேயே வரம்பைக் கடந்தது. மற்ற நிறுவனங்கள் கேட்டலிடிக் கன்வர்ட்டரை நம்பின. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த மூவழிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேர அழித்தது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதம் பிசகக் கூடாது. உபரிக் காற்று சிறிது நுழைந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடு அழியாமல் வெளியேறும். வரம்புகள் மேலும் இறுகியபோது ஹோண்டாவும் கன்வர்ட்டரின் பக்கமே சாய்ந்தது. உலகம் அதையே பின்பற்றியது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகளும் அந்தப் பாதையில்தான் நிற்கின்றன.

இதன் பொருள் என்ன? மெலிந்த கலவையை எரிப்பதே லேசரின் பெரும் பலம். கார் என்ஜினிலோ கலவையை மெலிவாக்குவதற்கே இடமில்லை. சட்டமும் கன்வர்ட்டரும் சேர்ந்து அந்த வாசலை அடைத்துவிட்டன. உபரிக் காற்றுக்குப் பதில் கழிவு வாயுவையே திரும்பக் கலந்து மெலிவாக்கலாம், அப்போது கன்வர்ட்டர் கெடாது என்று லேசரின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். உண்மைதான். ஆனால், அந்த அளவு மெலிவைச் சற்று வலுவான மின்பொறியே சமாளித்துவிடுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு முடிவு, அதற்குப் பின் வந்த ஒரு தொழில்நுட்பத்தின் விதியை நிர்ணயித்துவிட்டது. பொருளாதாரத்தில் பாதைச் சார்பு என்று இதைச் சொல்வோம். அன்றைய முடிவு தவறு என்பதன்று இதன் பொருள். கன்வர்ட்டர் கோடிக்கணக்கானோரின் நுரையீரலைக் காத்திருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. லேசரால் எரிபொருள் செலவு 2.3 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானமே, ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால், அதற்குச் சுமார் 667 லிட்டர் பெட்ரோல் வேண்டும். மிச்சமாவது 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். நான்கு சிலிண்டர்களுக்குப் பிரித்தால், ஒரு லேசர் ஆண்டுக்கு ஈட்டித் தருவது சுமார் 380 ரூபாய்.

அதே லேசரை 1 மெகாவாட் எரிவாயு ஜெனரேட்டரில் பொருத்துவோம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 80 லட்சம் யூனிட் மின்சாரம். திறன் 42 சதவீதத்திலிருந்து 43-ஆக உயர்ந்தாலே எரிவாயுச் செலவு அதே 2.3 சதவீதம் குறைந்துவிடும். ஒரு கன மீட்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் என்று கொண்டால், மிச்சம் ஆண்டுக்குச் சுமார் 44,000 கன மீட்டர். கன மீட்டர் 50 ரூபாய் என்றால் 22 லட்சம் ரூபாய். இத்தகைய என்ஜினில் 20 சிலிண்டர்கள் வரை இருக்கும். ஒரு லேசர் ஈட்டித் தருவது 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். பிளக்கை மாற்ற என்ஜினை நிறுத்தும் இழப்பு மிச்சமாவதை இதில் சேர்க்கவில்லை. இங்கே கன்வர்ட்டரின் தடையும் இல்லை, ஏனெனில் பெரிய எரிவாயு என்ஜின்கள் பெரும்பாலும் மெலிந்த கலவையிலேயே ஓடுகின்றன.

ஒரே கருவி, ஒரு வாடிக்கையாளருக்கு 380 ரூபாய் மதிப்பு, இன்னொருவருக்கு 1,10,000 ரூபாய் மதிப்பு. ஆனால், லேசர் பற்றவைப்பைப் பற்றிய செய்திகள் கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் காரைப் பற்றியே பேசுகின்றன. கார் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொன்னால் செய்தியாகும், செய்தியானால் ஆய்வு நிதி கிடைக்கும் என்ற கணக்கு ஆய்வாளர்களிடமும் இருக்கக்கூடும். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆயினும், தவறான வாடிக்கையாளரை நோக்கி நடக்கும் தொழில்நுட்பம் வழியிலேயே களைத்துவிடும்.

அப்படியானால் எரிவாயு என்ஜின்களிலாவது லேசர் பரவியிருக்க வேண்டுமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,500 சுற்று வேகத்தில் ஓடும் நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 750 பொறிகள் வேண்டும். 8,000 மணி நேரத்துக்கு அது 36 கோடி. ஆண்டுக்கு 36 கோடி முறை தவறாமல் வெடிக்கும் லேசரும், அதற்கு ஒளியூட்டும் டயோடும், வெப்பத்திலும் அதிர்விலும் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். ஒளி சிலிண்டருக்குள் நுழைவது ஒரு சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியாக. அதன் உட்புறத்தில் கரி படிகிறது. மசகெண்ணெயிலிருந்து சாம்பல் படிகிறது. லேசர் துடிப்பே கரியைச் சுட்டு அகற்றிவிடுகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த நல்ல செய்தி. சாம்பல் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் ஓட்டிக் காட்டுவதற்கும், ஆலையில் ஆண்டு முழுவதும் ஓட்டுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

எதிராளியும் சும்மா இருக்கவில்லை. நீராவிக் கப்பல் வந்த பிறகுதான் பாய்மரக் கப்பல்கள் மிக வேகமாக மேம்பட்டன என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. எடிசனின் மின்விளக்கு 1879-இல் வந்தது; வாயு விளக்குக்கு மேலும் பல ஆண்டு ஆயுள் கொடுத்த மேண்டிலுக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்றது 1885-இல். பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலை மேண்டிலைப் பார்த்திருப்பவர்களுக்கு அது விளங்கும். பிளக்கின் கதையும் அப்படியே. இரிடியம் நுனிகள் வந்தன. ஹோண்டா கைவிட்ட முன்னறை திரும்பி வந்தது. பிளக்கைச் சிறு அறைக்குள் வைத்துத் தீ மூட்டினால், அதன் துளைகள் வழியே தீச்சுடர்கள் பீறிட்டுப் பெரிய அறையைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பற்றவைக்கின்றன. லேசர் வாக்களித்ததில் பாதியை மலிவான உலோகத்தாலேயே பெற முடிகிறது. எரிபொருள் ஓட்டத்துக்கு வரம்பு விதிக்கப்பட்ட ஃபார்முலா-1 பந்தயக் கார்களில் இந்த முறை புகுந்தது. 2020-இல் மசெராட்டி அதைச் சாலைக் காருக்கும் கொண்டுவந்தது.

இன்னொன்றும் உண்டு. என்ஜின் விற்பவரே உதிரி பாகமும் விற்கிறார். சில ஆயிரம் மணிக்கு ஒருமுறை மாற்றப்படும் பிளக் அவருக்குத் தொடர் வருமானம். அதை ஒழிக்கும் கருவியை அவர் அவசர அவசரமாகக் கொண்டுவருவார் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம். வாங்குபவரோ, பல கோடி ரூபாய் என்ஜினில் சோதிக்கப்படாத கருவியைப் பொருத்தும் முதல் ஆளாக இருக்க விரும்பமாட்டார். இருவரும் தத்தம் அளவில் புத்திசாலிகளே. இருவரும் சேர்ந்துதான் அந்தக் கருவியைத் தாமதப்படுத்துகிறார்கள். (இந்த எச்சரிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று: ரஷியாவின் சோயுஸ் ராக்கெட் என்ஜின்கள் இன்றளவும் மரச் சட்டங்களில் பொருத்திய வெடித்திரிகளால்தான் பற்றவைக்கப்படுகின்றன. அங்கும் லேசரைக் கொண்டுவர முயற்சி நடந்தது. மரச் சட்டம் இன்னும் பணியில் இருக்கிறது.)

இனி இந்தியாவுக்கு வருவோம். மூன்று சக்கர வண்டிகளில் மின்சாரம் ஏற்கெனவே பெரும் பங்கைப் பிடித்துவிட்டது. இரு சக்கர வாகனங்களிலும் கார்களிலும் மெல்ல முன்னேறுகிறது. ஆகவே, கார்களுக்கான லேசர் என்ற பெயரில் யாரேனும் பொதுநிதி கேட்டால் மறுத்துவிடலாம். ஆனால், பொறியால் பற்றும் என்ஜின் அதோடு மறையப் போவதில்லை. எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது அரசின் இலக்கு. எரிவாயுப் பேருந்துகள், ஆலைகளின் ஜெனரேட்டர்கள், உயிரிவாயு மின்னுற்பத்தி என அதன் களம் விரிகிறது.

ஹைட்ரஜனும் வருகிறது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ரிலையன்ஸும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டும் ஹைட்ரஜனை எரித்து ஓடும் கனரக லாரியை பெங்களூருவில் அறிமுகம் செய்தன. ஹைட்ரஜனைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும். மீத்தேனுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே, பற்றவைப்பது சிரமமன்று. தேவையில்லாத நேரத்தில் பற்றாமல் தடுப்பதே சிரமம். சூடேறிய பிளக் நுனியே முன்கூட்டித் தீ மூட்டிவிடும் ஆபத்து உண்டு. உலோக நுனியே இல்லாத லேசரின் மதிப்பு இங்கே வேறு வகையில் உயர்கிறது. அமோனியாவோ நேர்மாறு, பற்றுவதற்கே தயங்கும், பற்றினாலும் மெதுவாக எரியும். அதற்குப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தீ வைக்கும் வசதி உதவலாம்.

ஆகவே பணம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கும் முறையில்தான் என் கருத்து வேறுபடுகிறது. புதிய திட்டம் முதன்மையாகக் கடனாகவோ பங்கு மூலதனமாகவோ நிதி அளிக்கிறது. முதலீட்டுக்குப் பணம் இல்லாததுதான் தடை என்றால் அது பொருத்தமான மருந்து. லேசர் பற்றவைப்பின் தடை அதுவன்று. வட்டியில்லாக் கடன் வாங்கி லேசரைச் செய்து முடிக்கும் சிறு தொழில்முனைவோர், அதை முதலில் பொருத்த முன்வரும் ஆலையைத் தேடி அலைவார். கிடைக்காவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். வாங்குபவர் இல்லாத இடத்தில் விற்பவருக்கு மட்டும் உதவினால் பாதிப் பாலம் கட்டியதாக ஆகும்.

இதற்குப் பொருளாதாரத்தில் சோதித்துப் பார்த்த வழி ஒன்று உண்டு. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கான நிமோனியாத் தடுப்பூசியைத் தயாரிக்க நிறுவனங்கள் தயங்கியபோது, 2009-இல் சில அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து, குறித்த தரத்தில் தடுப்பூசி வந்தால் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்வதாக 150 கோடி டாலருக்கு முன்கூட்டியே உறுதியளித்தன. தடுப்பூசி வந்தது, குழந்தைகளுக்குப் போடப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோருடன் 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமர் இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். பொருள் வந்தால் மட்டுமே பணம். வராவிட்டால் அரசுக்கு இழப்பில்லை.

லேசர் பற்றவைப்புக்கு அத்தகைய வாங்குபவர் நம்மிடமே இருக்கிறார். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கழிவிலிருந்து கிடைக்கும் உயிரிவாயுவைக் கொண்டு என்ஜின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். உயிரிவாயுவில் மீத்தேன் ஏறத்தாழ 60 சதவீதந்தான்; மீதி பெரும்பாலும் எரியாத கார்பன் டை ஆக்சைடு. பிளக் திணறுவதும் லேசர் சிறப்பதும் இத்தகைய கலவையில்தான். நம் ஷாம்புகளிலும் அழகுப் பொருள்களிலும் உள்ள சிலிக்கான் சேர்மங்கள் கழிவுநீரோடு சேர்ந்து இந்த வாயுவிலும் கலக்கின்றன. எரியும்போது அவை நுண்மணலாக மாறி என்ஜினுக்குள் படிகின்றன. லேசரின் சாளரத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் அமையாது. இங்கே தாங்கும் சாளரம் எங்கும் தாங்கும்.

நான் முன்வைப்பது இதுதான். பெருநகரக் குடிநீர் வாரியங்களும் எரிவாயுக் குழாய் நிறுவனங்களும் போன்ற பொதுத்துறை அமைப்புகள் சில சேர்ந்து, சாளரத்தைத் துடைக்காமல் 8,000 மணி நேரம் ஓடும் லேசர் பற்றவைப்பானைச் சிலிண்டருக்கு இன்ன விலையில் இத்தனை ஆயிரம் எண்ணிக்கையில் வாங்கிக்கொள்வதாக உறுதிமொழி வெளியிட வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி, ஒரு சிலிண்டருக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தாலும் இரண்டே ஆண்டுகளில் அது திரும்பிவிடும். கணக்கு பாதி அளவே பலித்தாலும் நான்கு ஆண்டுகள். அந்த உறுதிமொழியைக் காட்டுபவருக்குக் கடன் கொடுப்பதில் வங்கிக்கே தயக்கம் இருக்காது. அரசு நிதியும் பாதுகாப்பாக இருக்கும்.

கான்பூரின் அனுபவமும், சென்னை ஐஐடியிலுள்ள தேசிய எரிதல் ஆய்வு மையத்தின் வசதிகளும், இந்தோரில் அணுசக்தித் துறை நடத்தும் ராஜா ராமண்ணா மையத்தின் லேசர் அறிவும் ஒரே இடத்தில் சேர இது ஒரு காரணமாகவும் அமையும். உயர்திறன் டயோடு லேசர்களுக்கு நாம் இன்னும் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். மருத்துவத்துக்கும் பாதுகாப்புத் துறைக்கும் உலோக வெட்டுக்கும் தேவைப்படும் பொருள் அது. பற்றவைப்பான் தோற்றாலும் அந்தத் திறன் வீணாகாது.

தோற்பதற்கும் இடம் வைக்க வேண்டும். உறுதிமொழிக்கு ஐந்து ஆண்டு காலவரம்பு இருக்கட்டும். மூன்றாம் ஆண்டின் முடிவில், உயிரிவாயு என்ஜினில் 4,000 மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்டியவர்களுக்கு மட்டுமே அடுத்த தவணை. அதற்குள் முன்னறை பிளக்குகள் இன்னும் மேம்பட்டு அதே பலனை மலிவாகத் தந்துவிட்டால், உறுதிமொழியை அவற்றுக்கும் திறந்துவிட வேண்டும். வாரியத்துக்கு வேண்டியது குறைந்த வாயுவில் அதிக மின்சாரம். அது ஒளியிலிருந்து வருகிறதா, உலோகத்திலிருந்து வருகிறதா என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதில்லை.